ராயர் படையின் பஞ்சுக் கவசம்

வேங்கடத்தின் அடிவாரம் – வரலாற்றுத் தொடர்: 12

திருமலைக் கோயிலின் மகாதுவாரத்தைத் தாண்டி உள்ளே நுழைந்ததும் வலக்கைப் பக்கம் ஒரு மண்டபம் இருக்கிறது. பிரதிமா மண்டபம் என்றும் கிருஷ்ணதேவராயர் மண்டபம் என்றும் சொல்வார்கள். பின்னாலிருந்து கூட்டம் நெருக்கும். முன்னால் கொடிமரம் தெரியும். 'கோவிந்தா' என்ற குரல் எழும்பும். அந்த வேகத்தில் திரும்பிப் பார்க்க நேரம் கிடைக்காது. ஆனால் தென்னிந்தியாவில் ஓர் அரசன் எப்படி உடுத்தினான் என்று அறிய விரும்புகிறவருக்கு இதைவிட நல்ல சாட்சி வேறில்லை. கிருஷ்ணதேவராயரும் தேவியர் திருமலாதேவியும் சின்னாதேவியும் உலோகச் சிலைகளாகக் கைகூப்பி நிற்கிறார்கள். எதிர்ப்பக்கம் வேங்கடபதி ராயர். கல்லில் அச்சுதராயரும் அவர் தேவி வரதாஜியம்மாவும். அச்சுதராயர் சந்திரகிரிக் கோட்டைக் காவலிலிருந்து வெளியே வந்து 1529-ல் அரியணை ஏறிய கதையைச் சென்ற இதழில் பார்த்தோம். இந்த வாரம் அவருடைய அண்ணன் கிருஷ்ணதேவராயரின் உடையிலிருந்து தொடங்குகிறேன்.

ராயரின் மார்பு வெற்று மார்பு. அதன்மேல் ஆபரணங்கள். இடையில் பூவேலைப்பாடு செய்த ஆடை. பெருமாள் முன் நிற்கும் பக்தன் எப்படி நிற்க வேண்டுமோ அப்படித்தான் நிற்கிறார். தலையில் மட்டும் உயரமான, மேலே போகப் போகக் குறுகும் தொப்பி. அதற்குக் குல்லாய் என்று பெயர். பாரசீகத்திலிருந்தும் நடு ஆசியாவிலிருந்தும் தக்காணத்துச் சுல்தான்களின் அவைகள் வழியாக விஜயநகரத்துக்கு வந்து சேர்ந்த தலையணி அது. அதோடு சேர்ந்து வந்தது 'கபாயி' என்னும் நீண்ட கையுள்ள அங்கி. கழுத்துக்குக் கீழே கோயில், கழுத்துக்கு மேலே கொலுமண்டபம். வெளிநாட்டுத் தூதர்களும் குதிரை வணிகர்களும் வந்துபோகும் அவையில் உடம்பை மூடி உடுத்துவதே மரியாதை என்ற வழக்கம் ராயர்களிடம் நன்றாக வேரூன்றிவிட்டது. 1443-ல் விஜயநகரம் வந்த பாரசீகத் தூதர் அப்துர் ரசாக், இரண்டாம் தேவராயரைப் பட்டு அங்கியில், கழுத்தில் முத்தாரத்தோடு கண்டார். ஆய்வாளர் பிலிப் வாகனர் 1996-ல் எழுதிய கட்டுரையில் இந்த உடைமாற்றத்தை விரிவாக ஆராய்ந்திருக்கிறார். சுல்தான்களோடு போரிட்டுக்கொண்டே அவர்களுடைய அவை உடையைத் தன் உடையாக ஏற்றுக்கொண்ட அரசு அது. அந்தத் தொப்பியோடேயே தன் உருவத்தை வேங்கடவன் வாசலில் நிறுத்த ராயருக்கு எந்தத் தயக்கமும் இருக்கவில்லை என்பது எனக்கு மிக முக்கியமான செய்தியாகப் படுகிறது.

ராயரை நேரில் பார்த்து எழுதிவைத்தவர் டொமிங்கோ பயஸ் என்ற போர்த்துக்கீசியர். 1520-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அவர் தலைநகரில் இருந்தார். ராயர் நடுத்தர உயரம், சற்றுப் பருத்த உடல், முகத்தில் அம்மைத் தழும்பு என்று எழுதுகிறார். உடை வெள்ளை, அதில் பொன்னிழையால் ரோஜாப் பூக்கள். கழுத்தில் வைர நகை. தலையில் ஜரிகைத் துணியால் ஆன குல்லாய். பயஸுக்கு அது தன் நாட்டுப் பக்கத்துக் கலீசியத் தலைக்கவசத்தை நினைவூட்டியது. அதன்மேல் மெல்லிய பட்டு ஒன்று போர்த்தியிருந்தது. கால் வெறுங்கால். அரசன் இருக்கும் இடத்துக்குச் செருப்போடு யாரும் போகக் கூடாது. நாட்டிலும் பெரும்பாலானோர் வெறுங்காலோடுதான் நடந்தார்கள். சிலர் மட்டும் கூர்முனைச் செருப்போ, வார் கட்டிய தோல் அடியோ போட்டிருந்தார்கள்.

அவருக்குப் பின் சுமார் 1535-ல் எழுதிய பெர்னாவோ நூனிஸ் குதிரை வணிகர். எதற்கும் விலை போட்டுப் பார்க்கிற கண் அவருக்கு. அரசர் ஒரு தடவை உடுத்தியதை மறு தடவை உடுத்துவதில்லை, களைந்த ஆடையைக் கணக்கு வைத்திருக்கும் அதிகாரிகளிடம் ஒப்படைத்துவிடுவார்கள், அது வேறு யாருக்கும் போகாது என்கிறார். பொன் வேலைப்பாடு கொண்ட பட்டாடை ஒவ்வொன்றும் பத்து வராகன் பெறும். குல்லாய் ஒன்று இருபது குருசாதோ என்னும் போர்த்துக்கீசியப் பொற்காசு. அரண்மனைப் பெண்களும் இதே உயரக் குல்லாயை அணிந்தார்கள் என்பது பலரும் அறியாதது. மகாநவமி விழாவில் வந்த பெண்களின் குல்லாய்களில் பெரிய முத்துக்களால் செய்த பூக்கள் இருந்ததைப் பயஸ் குறித்திருக்கிறார். வாளும் கேடயமும் ஏந்தத் தெரிந்த பெண்களும், மல்யுத்தம் செய்யும் பெண்களும் அரண்மனையில் இருந்ததாகவும் அவர் சொல்கிறார்.

இந்த எழுத்தைக் கண்ணால் சரிபார்க்க வேண்டுமென்றால் லேபாட்சிக்குப் போக வேண்டும். அச்சுதராயர் காலத்தில் விருபண்ணாவும் அவர் தம்பியும் எழுப்பிய வீரபத்திரர் கோயிலின் விதானத்தில் அந்தச் சகோதரர்களும் பரிவாரமும் உயரக் குல்லாயோடு வரிசையாக நிற்கிறார்கள். ஓவியன் துணியின் மடிப்பையும் கரையையும் பூவையும் ஒவ்வொன்றாகத் தீட்டியிருக்கிறான். பழைய உடையைத் தைக்க விரும்பும் எவருக்கும் அந்த விதானம் ஒரு தையல் வகுப்பு.

அப்படித் தைக்க விரும்புகிறவர்கள் இப்போது பெருகி வருகிறார்கள். பழங்காலத்து உடையையும் கவசத்தையும் தாங்களே செய்து அணிந்து, அந்தக் காலத்தை நடத்திப் பார்ப்பது மேல்நாடுகளில் பெரிய பொழுதுபோக்கு. அமெரிக்காவின் பெர்க்லியில் 1966-ல் தொடங்கிய சங்கம் ஒன்று இன்று பல நாடுகளில் பரவியிருக்கிறது. ஐரோப்பாவில் ஒரு சட்டைக் கையில் எந்த இடத்தில் ஒட்டுப்போட வேண்டும் என்பது வரை விவாதிக்கிறார்கள். நம் இளைஞர்களுக்கும் அந்த ஆசை வந்திருப்பது எனக்கு மகிழ்ச்சி. ஆனால் அவர்கள் முன்னால் மாதிரியாக நிற்பது சினிமா. மார்பில் பளபளக்கும் தகடு, தோளில் இரும்புச் சிறகு, முழங்கால் வரை பூட்ஸ். ராயர் படையில் ஒருவன் இப்படி வந்திருந்தால் பக்கத்தில் நின்றவன் அவனை வேற்றுநாட்டான் என்றே நினைத்திருப்பான்.

அப்படியானால் ராயரின் வீரன் என்ன அணிந்தான்?

மகாநவமி முடிந்ததும் ராயர் தன் படையைப் பார்வையிடுவார். அந்த நாளைப் பயஸ் எழுதியிருக்கும் பக்கங்கள் தென்னிந்தியப் படை உடை பற்றிக் கிடைக்கும் மிகச் செறிவான சாட்சியம். முதலில் குதிரைகள். நெற்றியில் வெள்ளித் தகடு, பெரும்பாலும் பொன்முலாம் பூசியது. பல வண்ணப் பட்டு நூலை முறுக்கிச் செய்த குஞ்சங்கள். மேலே மெக்கா வெல்வெட்டும் சீனப் பட்டும். அவற்றின்மேல் அமர்ந்த வீரர்கள் அணிந்தது உள்ளே திணிப்பு வைத்துத் தைத்த அங்கி. வெளியே ஜரிகைத் துணி, வெல்வெட், பட்டு. உள்ளே உறுதியான பச்சைத் தோலை அடுக்கடுக்காக வைத்திருந்தார்கள். அதோடு இரும்புத் தகடுகள். சிலருடைய தகடுகளுக்கு உள்ளும் புறமும் பொன்முலாம், சிலருடையவை வெள்ளி. தலைக்கவசமும் இதே முறையில் செய்தது. கழுத்தை மூடும் விளிம்பும் முகத்துக்கு ஒரு காப்பும் உண்டு. கழுத்தில் தனியாக ஒரு காப்பு: பொன்முலாம் பூசியதும் உண்டு, பட்டின்மேல் பொன், வெள்ளித் தகடு பதித்ததும் உண்டு, கண்ணாடிபோல் மினுக்கிய எஃகும் உண்டு. இடுப்பில் வாளும் சிறு கோடரியும். கையில் எறியீட்டி.

யானைகள் வெல்வெட்டும் பொன்னும் போர்த்தி வந்தன. கழுத்து மணிகளின் ஓசையில் தரை அதிர்ந்ததாம். முகப்போர்வையில் அரக்கர் முகங்களும் பெரிய விலங்கு முகங்களும் தீட்டியிருந்தார்கள். முதுகில் மூன்று நான்கு பேர், அவர்களும் திணித்துத் தைத்த அங்கியில். பிறகு காலாட்படை. அவர்களின் கேடயங்களைப் பற்றிப் பயஸ் ஆசையோடு எழுதுகிறார்: பொன், வெள்ளிப் பூக்கள் பதித்தவை, புலி உருவம் கொண்டவை, வெள்ளி இலை வேலை செய்தவை, வண்ணம் தீட்டியவை, முகம் பார்க்கலாம் போல் கறுப்பாக மெருகேற்றியவை. வில்லாளிகள் வந்தார்கள். துப்பாக்கிக்காரர்கள் தடித்த அங்கியோடு வந்தார்கள். ராயரின் இஸ்லாமியப் படைவீரர்கள் துருக்கி வில்லும் ஈட்டியும் தீ எறிகருவியும் ஏந்தி வந்தார்கள்.

இது விழா நாள் உடை, போரில் இப்படியா போனார்கள் என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். அதற்கு நூனிஸ் பதில் வைத்திருக்கிறார். 1520 மே மாதம் ராயர் பீஜப்பூர்ச் சுல்தான் இஸ்மாயில் அடில்ஷாவோடு ராய்ச்சூரில் மோதினார். அந்தப் படையெடுப்பைச் சொல்லும்போது வில்லாளிகளுக்கும் துப்பாக்கிக்காரர்களுக்கும் திணித்துத் தைத்த அங்கி, குதிரை வீரர்களுக்கும் அதே வகை அங்கி, தலையில் பஞ்சு வைத்துத் தைத்த கவசம் என்று எழுதுகிறார். கேடயக்காரர்களின் கேடயம் உடம்பையே மறைக்கும் அளவு பெரியது. அதனால் அவர்களுக்கு வேறு கவசம் தேவைப்படவில்லை. குதிரைகளுக்கு முழுப் போர்வை. யானைகளின் தந்தங்களில் தீட்டிய கத்திகளைக் கட்டியிருந்தார்கள். பளபளப்பும் பொன்முலாமும் விழாவுக்கு உரியவையாக இருக்கலாம். பஞ்சும் தோலும் போருக்கே உரியவை.

பஞ்சு எப்படி அம்பைத் தடுக்கும்? துணியை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, நடுவே பஞ்சை இறுக்கித் திணித்து, மெத்தை தைப்பதுபோல் நெருக்கமாகத் தையல் ஓட்டினால் அது ஒற்றைத் துணியாக இருப்பதில்லை. உள்ளே புகும் அம்பின் முனை ஒவ்வோர் அடுக்கிலும் இழைகளை அறுத்துக்கொண்டு போக வேண்டும். ஒவ்வோர் இழையும் அதன் வேகத்தைக் கொஞ்சம் தின்றுவிடும். வெட்டு விழுந்தால் பஞ்சு அமுங்கிக் கொடுக்கும்; வாளின் விளிம்புக்கு எதிர்த்து நிற்க உறுதியான தளம் கிடைக்காது. தண்டாயுதத்தின் அடி இரும்புத் தகட்டின் வழியே நேராக எலும்பில் இறங்கும். பஞ்சில் பரவித் தணியும். அடியில் பச்சைத் தோல் இருந்தால் தப்பி வந்த முனையும் அங்கே சிக்கும். நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் மேலே சில தகடுகள் இருந்தால் போதும்.

இதோடு நம் வெயிலையும் மழையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ராய்ச்சூரின் மே மாத வெயிலில் எஃகுத் தகட்டில் கை வைத்தால் சுடும். வியர்வையும் பருவமழையும் இரும்பைத் துருவாக்கும். தினமும் எண்ணெய் பூசித் துடைக்க ஆள் வேண்டும். பஞ்சு அங்கியும் புழுங்கத்தான் செய்யும், அதை மறுக்க முடியாது. ஆனால் அது எடை குறைவு. குதிரையில் ஏறி இறங்கலாம். கிழிந்தால் முகாமிலேயே ஊசி நூலால் ஒட்டுப்போடலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, பருத்தி விளையும் நாடு இது. பல்லாயிரம் பேர் கொண்ட படைக்கு இரும்பு உடுத்துவதைவிடப் பருத்தி உடுத்துவது ஓர் அரசால் ஆகக்கூடிய காரியம். தக்காணத்துக் கரிசலும் தமிழகத்துத் தறிகளும் அதற்குப் பின்னால் இருந்தன.

இதைப் பிற்பட்ட நாட்டின் ஏழ்மை என்று யாராவது நினைத்தால், ராய்ச்சூர்ப் போர் நடந்த அதே ஆண்டில் உலகத்தின் மறுகோடியைப் பார்க்க வேண்டும். மெக்சிகோவில் ஆஸ்டெக் மக்களோடு போரிட்ட கோர்ட்டெஸின் ஸ்பானிய வீரர்கள் பலர், தங்கள் இரும்பைக் கழற்றிவிட்டு அந்த நாட்டுப் பஞ்சுக் கவசத்தை எடுத்து அணிந்துகொண்டார்கள். பிரான்சில் பதினொன்றாம் லூயி மன்னன் தன் படைக்கு வகுத்த விதியில், இருபத்தைந்து முப்பது மடிப்புத் துணியும் அதன்மேல் ஒரு மான்தோலும் வைத்துத் தைத்த சட்டையைக் கேட்டான். பயஸ் கண்ட தோல் அடுக்கு அங்கியிலிருந்து அது அதிக தூரத்தில் இல்லை. இரும்பில் முழுக்க மூடிய ஐரோப்பியப் பிரபு ஒருவனுக்குப் பின்னால், துணிக் கவசம் அணிந்த நூறு சாதாரண வீரர்கள் நடந்தார்கள். படங்களில் பிரபுவை மட்டும் பார்த்து நாம் ஏமாந்துவிட்டோம்.

ஐரோப்பிய ஆர்வலர்களுக்கு ஒரு வசதி உண்டு. நமக்கு அது இல்லை. சுவீடனின் காட்லண்ட் தீவில் விஸ்பி நகருக்கு வெளியே 1361-ல் டென்மார்க் படை அந்தத் தீவின் உழவர்களைக் கொன்று குவித்தது. ஜூலை வெப்பத்தில் அழுகும் என்று அவசரமாக, கவசத்தைக்கூடக் கழற்றாமல் பெருங்குழிகளில் புதைத்துவிட்டார்கள். 20ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் அந்தக் குழிகளைத் தோண்டியபோது சங்கிலிச் சட்டைகளும் தகட்டுக் கவசங்களும் எலும்போடு சேர்ந்தே கிடைத்தன. இன்று ஐரோப்பாவில் யார் 14ஆம் நூற்றாண்டுக் கவசம் செய்தாலும் விஸ்பியைப் பார்த்துத்தான் செய்கிறார்கள். நம் நாட்டில் போரில் இறந்தவர் பலரின் உடல் நெருப்புக்குப் போனது. துணியைக் கரையானும் ஈரமும் தின்றன. இரும்பு உருகிக் கொழுமுனையாகி வயலுக்குப் போயிருக்கும். 1565-ல் தலைக்கோட்டைப் போருக்குப் பின் விஜயநகரமே சூறையாடப்பட்டது.

மிச்சம் இருந்ததையும் நாம் காப்பாற்றவில்லை. தஞ்சை அரண்மனையின் ஆயுதசாலையில் நாயக்கர் காலத்திலிருந்தும் மராட்டியர் காலத்திலிருந்தும் சேர்ந்த வாள்களும் கட்டாரிகளும் அங்குசங்களும் குவிந்திருந்தன. 1855-ல் கடைசி அரசர் சிவாஜி வாரிசின்றி இறந்து அரசு பிரிட்டிஷார் கைக்குப் போனது. 1860களில் சில நல்ல பொருள்களை மட்டும் அருங்காட்சியகத்துக்கு எடுத்துவைத்துக்கொண்டு, மற்றவற்றை உடைத்துப் பழைய உலோகமாக விற்றுவிட்டார்கள். தப்பியவற்றை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் இன்றும் பார்க்கலாம். ராபர்ட் எல்குட் 2004-ல் வெளியிட்ட நூலில் அவற்றைத் துருவி ஆராய்ந்திருக்கிறார். கண்ணாடிப் பேழைக்குள் இருக்கும் அந்தக் கட்டாரிகளின் பிடியில் யாளியும் கிளியும் செதுக்கியிருக்கும் நுணுக்கத்தைப் பார்த்தால், உருக்கிப் போன மற்றவை எப்படி இருந்திருக்கும் என்று மனம் பதைக்கிறது.

ஆந்திர மண்ணிலிருந்து போன கவசங்கள் சில இன்று ராஜஸ்தானத்தில் இருக்கின்றன. கர்நூல் மாவட்டத்து ஆதோனிக் கோட்டை ஒரு காலத்தில் ராயர்களுடையது, பிறகு பீஜப்பூருடையது. 1689-ல் ஔரங்கசீப்பின் படையோடு வந்த பிகானேர் அரசர் அனூப் சிங் அங்கிருந்த ஆயுதங்களைத் தன் ஊருக்குக் கொண்டுபோனார். ஆதோனி வெற்றியில் கிடைத்தது என்ற பொறிப்போடு அவை பிகானேர் ஆயுதசாலையில் சேர்ந்தன. அதேபோல் உலகத்தில் எஞ்சிய மிகப் பெரிய யானைக் கவசம் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் இருக்கிறது. சென்னை ஆளுநராக இருந்த எட்வர்ட் கிளைவின் மனைவி ஹென்ரியெட்டா 1801-ல் அதைக் கப்பலேற்றிக் கொண்டுபோனார். அது வடநாட்டு வேலை; சுமார் 1600-ஐச் சேர்ந்தது. முழுமையாக இருந்தபோது 8,439 தகடுகள். இப்போது இருப்பது 5,840. எடை 118 கிலோ. பயஸ் கண்ட வெல்வெட் போர்த்திய யானையையும் இந்த இரும்பு போர்த்திய யானையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நினைத்துப் பார்த்தால் வடக்குக்கும் தெற்குக்கும் இருந்த வேறுபாடு புரியும்.

கொல்லனைவிடத் தறிக்காரனும் தையற்காரனும்தான் தென்னாட்டு வீரனின் உடலைக் காத்தார்கள் என்பதே இவ்வளவு நேரமும் நான் சொல்ல வருவது. அதனால் அவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். சோழர் கல்வெட்டுகளில் 'தெரிஞ்ச கைக்கோளர்' என்ற படைப்பிரிவுகள் வருகின்றன. அதே கைக்கோளர் பெயர் பிற்காலத்தில் நெசவோடு பிரிக்க முடியாமல் சேர்ந்துவிட்டது. ராயர் ஆட்சியில் நெசவு செழித்தது. கைக்கோளரின் கையும் ஓங்கியது. 15ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பல்லக்கும் சங்கும் கொள்ளும் உரிமையைக் காஞ்சி, விரிஞ்சிபுரம் வட்டாரத்துக் கைக்கோளர் பெற்றிருந்தார்கள்; மற்ற ஊர்க் கைக்கோளரும் அதைக் கேட்டு வாங்கினார்கள். விஜயா ராமசாமி 1985-ல் எழுதிய நெசவாளர் வரலாற்றில் இதெல்லாம் விரிவாக இருக்கிறது. திருப்பதிக் கல்வெட்டுகளிலும் கைக்கோளர் உண்டு. அந்தக் கல்வெட்டுகளில் பெரும்பாலானவை தமிழில்தான் இருக்கின்றன. ஒரே சமூகத்தின் நினைவில் வாளும் தறியும் சேர்ந்திருப்பது தற்செயலாக எனக்குத் தோன்றவில்லை.

ராயர் படை வீரனாக உடுத்திப் பார்க்க விரும்பும் தம்பி தங்கைகளுக்குச் சில சொல்கிறேன். முதலில் பூட்ஸைக் கழற்றுங்கள். வெறுங்காலோ, வார் வைத்த தோல் செருப்போ போதும். அங்கிக்குக் கைத்தறிப் பருத்தி வாங்குங்கள். ஜிப் வேண்டாம், நாடாவால் முடிச்சிடுங்கள். நிறத்தில் கவனம் வேண்டும். செயற்கைச் சாயமே 1856-க்குப் பிறகு வந்தது. கடைகளில் கிடைக்கும் பளீர் இளஞ்சிவப்பும் மின்னும் ஊதாவும் அந்தக் காலத்தில் இல்லை. சாயவேரின் சிவப்பு, அவுரியின் நீலம், கடுக்காயின் மஞ்சள் சாயல், இரும்புத் துருவும் வெல்லமும் ஊறிக் கிடைக்கும் கறுப்பு ஆகியவைதான். இவற்றில் பலவற்றை இன்றும் காளஹஸ்தியில் கலம்காரி எழுதும் வீடுகளில் கண்ணால் பார்க்கலாம். துணியைக் கடுக்காயும் பாலும் கலந்த நீரில் நனைத்துக் காயவைத்து, மூங்கில் எழுதுகோலால் கோடிழுத்து, படிகாரம் பூசிச் சிவப்பேற்றுகிறார்கள். திருப்பதியிலிருந்து அரைப் பகல் பயணத்தில் கிடைக்கும் பாடம் அது.

திணிப்புக்கு இலவம்பஞ்சு வேண்டாம், நொறுங்கிப் பொடியும். பருத்திப் பஞ்சே நல்லது. தையல் ஓட்டும் இடைவெளி விரல் அகலத்தைத் தாண்டினால் பஞ்சு ஒரு பக்கமாகச் சரிந்துவிடும். அங்கியின் நீளம் தொடை வரை வந்தால் குதிரையேற உதவும். தகடு வைக்க ஆசைப்பட்டால் நெஞ்சுப் பகுதியில் மட்டும், துணிக்குள்ளே வையுங்கள். குல்லாய் கொலுமண்டபத்துக்கு உரியது. படைவீரன் வேடத்தில் அதை வைத்துவிடாதீர்கள், அவனுக்குப் பஞ்சுத் தலைக்கவசம். காலாளாக வர விரும்புகிறவருக்கு அங்கியே வேண்டாம்: கல்லில் செதுக்கிய ராயர் காலத்துக் காலாட்கள் பெரும்பாலும் இடைக்கச்சையும் குறுவாளுமாகவே இருக்கிறார்கள். உடம்பை மறைக்கும் ஒரு பெரிய கேடயம் செய்துகொண்டால் போதும். அதற்கு வண்ணம் தீட்டும் வேலையில் ஒரு கோடை விடுமுறை போய்விடும். வாள் மரத்தில் இருக்கட்டும். கூரிய வாளைத் தெருவில் எடுத்துப்போவது 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்கீழ் சிக்கலில் கொண்டுபோய் விடும்.

பழைய காலத்தை வேடமிட்டு நடத்திப் பார்க்கும் வழக்கம் இந்த மண்ணுக்குப் புதிதல்ல. திருப்பதியில் மே மாதத்தில் வரும் தாத்தய்யகுண்ட கங்கம்மா ஜாத்திரையில் ஊரே வேடம் போடுகிறது. பெண்களைச் சீரழித்த பாளையக்காரன் ஒருவன் கங்கம்மாவின் உக்கிரத்தைக் கண்டு ஓடி ஒளிந்தான். அவனைத் தேடி அவள் நாளுக்கொரு வேடத்தில் தெருத்தெருவாக அலைந்தாள். துரை வேடத்தில் வந்தபோது அவன் ஏமாந்து வெளியே வர, தலையை வெட்டினாள் என்பது கதை. பைராகி, பண்ட, தோட்டி, துரை, மாதங்கி என்று வேடங்கள் வரிசையாக வரும். ஆண்கள் சேலை கட்டி, பூ வைத்து நேர்த்தி செலுத்துவார்கள். அம்மனின் வேடங்களைத் தாங்கிப் போகும் உரிமை கைகால குடும்பத்தாருக்கு. அவர்கள் நெசவுக் குலத்தார். சித்தூர்ப் பாளையங்களைக் கிழக்கிந்தியக் கம்பெனி ஒடுக்கி இரண்டு நூற்றாண்டுகள் ஆகிவிட்டன. பாளையக்காரனின் தலை இங்கே இன்னும் ஆண்டுதோறும் விழுகிறது.

சித்தூர்ப் பக்கத்துத் தர்மராஜா கோயில்களில் பாரதம் நடக்கும்போது வரும் கூத்து வேடங்களையும் சொல்ல வேண்டும். கிரீடமும் புஜக்கட்டையும் மார்புப் பதக்கமும் இலேசான மரத்தில் செதுக்கி, கண்ணாடித் துண்டும் வண்ணத்தாளும் ஒட்டியவை. அவை அர்ச்சுனனுக்கும் துரியோதனனுக்கும் உரியவை; ராயர் படைக்கு மாதிரியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனால் இரவு முழுக்க ஆடிச் சுழலும் உடம்பில் பாரம் ஏறாமல் ஒளி மட்டும் ஏறும்படி எப்படிச் செய்வது என்பதை அந்தக் கலைஞர்களிடம்தான் கற்க வேண்டும். கேட்டுப் போனால் சொல்லித் தருவார்கள்.

பஞ்சுக் கவசம் ராயர்களோடு முடிந்துவிடவும் இல்லை. அவர்களுக்கு இரண்டு நூற்றாண்டுகளுக்குப் பிறகும் மைசூரின் திப்பு சுல்தான் பஞ்சு வைத்துத் தைத்த தலைக்கவசமும் போர் அங்கியும் வைத்திருந்தார். 1799-ல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தபின் அவருடைய உடைமைகள் பிரிட்டனுக்குப் போயின. அந்தத் துணிக் கவசங்கள் இன்றும் அங்கே இருக்கின்றன. அவருடைய தந்தை ஹைதர் அலி 1782 டிசம்பர் 7 அன்று உயிர்விட்டது சித்தூரை ஒட்டிய நரசிங்கராயன்பேட்டை முகாமில். மகன் மலபாரிலிருந்து வந்து சேரும்வரை அந்த மரணத்தை மந்திரிகள் படைக்குத் தெரியாமல் மறைத்துவைத்தார்கள். அந்த நாள்களின் கதை அடுத்த இதழில்.